கல்லா ஒன்று, கணக்கு மூன்று

டீயைக் குடித்துக்கொண்டே பேசலாம். கேள்வி இதுதானே: "ஆடிட்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், பேங்க் மேனேஜர் தெரிந்தவர். இதற்கு மேல் குடும்பத் தொழிலுக்கென்று தனியாக ஓர் ஆலோசகர் எதற்கு?" கேட்கிறவர்களில் பாதிப் பேர் மனதில் இன்னொன்றும் இருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: வீட்டுச் சண்டையைக் காசு கொடுத்து வெளியாளிடம் சொல்வதா? இரண்டையும் பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

விருதுநகரில் ஓர் எண்ணெய் மண்டி. பெரியவரும் அவர் தம்பியும் சேர்ந்து தொடங்கியது. தம்பி காலமான பிறகு பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் தம்பி மனைவியின் பெயரைச் சேர்த்தார்கள். பெரியவருக்கு இப்போது 72 வயது. மூத்த மகன் படிப்பை முடித்த கையோடு கடைக்கு வந்தவன், 45 ஆகிறது. கொள்முதல், பாக்கி வசூல், வேலையாட்கள் எல்லாம் அவன் பொறுப்பு. இளையவன் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில். மகளை மதுரையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மண்டி நடக்கும் கட்டடம் பெரியவரின் மனைவி பெயரில். கணக்குப்பிள்ளை பல வருடமாக அங்கேயே இருப்பவர். இவர்களில் யாரும் கெட்டவர் இல்லை. அதனால்தான் இந்த உதாரணம். கெட்டவர் ஒருவர் இருந்தால் வக்கீலே போதும்.

மூத்தவன் பாக்கெட் போடும் மெஷின் வாங்க வேண்டும் என்கிறான். பெரியவர் "இப்ப வேண்டாம்ப்பா" என்கிறார். தம்பி மனைவி, "பொண்ணு கல்யாணம் வருது அத்தான், இந்த வருஷ லாபத்துல எங்க பாகத்தைக் கையில குடுத்துடுங்க" என்கிறார். இந்தப் பேச்சு தீபாவளிக்குத் தீபாவளி வருகிறது, முடிவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் பணத் தகராறு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு படம் இருக்கிறது.

1978-இல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் பேராசிரியர் ரெனாட்டோ தாஜியூரியும் அங்கே ஆய்வு மாணவராக இருந்த ஜான் டேவிஸும் போட்ட படம் அது. ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மூன்று வட்டங்கள்: குடும்பம், உடைமை, தொழில். அதற்கு முன் குடும்பம், தொழில் என்று இரண்டு வட்டம்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். பங்கு வைத்திருப்பதும் வேலை பார்ப்பதும் வேறு வேறு என்று பிரித்ததுதான் இவர்கள் செய்த காரியம். பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் மூன்று வட்டம் வெட்டிக்கொண்டால் ஏழு கட்டங்கள் வரும். குடும்பத் தொழிலோடு சம்பந்தப்பட்ட யாரும் அந்த ஏழில் ஏதோ ஒன்றில்தான் நிற்க முடியும்.

நம் மண்டியை அதில் நிறுத்துங்கள். பெரியவர் மூன்று வட்டத்துக்கும் நடுவில். தம்பி மனைவி குடும்பத்திலும் உடைமையிலும் இருக்கிறார், தொழிலில் இல்லை. இளையவனும் மகளும் குடும்பத்தில் மட்டும். கணக்குப்பிள்ளை தொழிலில் மட்டும். மூத்தவன்? குடும்பம் உண்டு, தொழில் உண்டு. பத்திரத்தில் பெயர் இல்லை, ஆகவே உடைமை இல்லை. ஊர் முழுக்க அவனை முதலாளி என்று கூப்பிடுகிறது. படத்தில் அவன் நிற்கும் இடம் சம்பளக்காரன் இடம். அவனுக்கே இது தெரியாமல் இருக்கலாம். அவன் மனைவிக்குத் தெரியும்.

இப்போது தகராறு வேறு மாதிரித் தெரிகிறதா? தொழிலில் நிற்பவன் மெஷின் கேட்கிறான். உடைமையில் நிற்பவர் லாபம் கேட்கிறார். இரண்டும் அவரவர் இடத்திலிருந்து நியாயமான கேள்விகள். நடுவில் நிற்கும் பெரியவர் மூன்று வாயால் ஒரே சமயத்தில் பதில் சொல்கிறார். "இப்ப வேண்டாம்" என்றது, கடன் வாங்கப் பயப்படும் பார்ட்னரா, மெஷின் ஓடாது என்று கணக்குப் போட்ட வியாபாரியா, மகன் தன்னை மிஞ்சிப் போகிறானே என்று நினைக்கும் அப்பாவா? நல்ல ஆலோசகர் முதல் நாளே இதைத்தான் கேட்பார்: "இதை அப்பாவாச் சொல்றீங்களா, பார்ட்னராச் சொல்றீங்களா, முதலாளியாச் சொல்றீங்களா?" பெரும்பாலும் உடனே பதில் வராது. அதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கடுத்து வரும் வேலை மிகச் சாதாரணமானது, என் கணிப்பில் மிக முக்கியமானதும்கூட: கல்லாவைப் பிரிப்பது. நம் ஊர்க் கடைகளில் ஒரே கல்லாவிலிருந்துதான் மூத்தவன் பையனின் ஸ்கூல் ஃபீஸ் போகிறது, தம்பி மனைவி வீட்டு மளிகை போகிறது, மகளுக்குப் பொங்கல் சீர் போகிறது, சரக்குக்கும் பணம் போகிறது. சம்பளம் எது, லாபப் பங்கு எது, அன்பளிப்பு எது என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் நன்றாக இருக்கும்வரை இது பெருந்தன்மை. பெரியவர் உயில் எழுதாமல் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். அவர் பாகம் சுயசம்பாத்தியம் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, இரண்டு மகன்கள், மகள் என்று நான்கு சமபாகம். இளையவனுக்கும் கால், மூத்தவனுக்கும் கால். சட்டத்தில் குற்றம் இல்லை. ஆனால் மூத்தவன் மனதில் ஒரு பேரேடு ஓடுகிறது: இத்தனை வருடம் உழைத்தேன், வெளியில் போயிருந்தால் என்ன சம்பளம் வந்திருக்கும், அதை இவர்கள் சொத்தாக்கி நாலாகப் பிரித்துக்கொண்டார்கள். தம்பியும் தங்கையும் வேறு பேரேடு வைத்திருப்பார்கள்: இத்தனை வருடமும் இவன் குடும்பச் செலவு முழுக்கக் கடைதானே பார்த்தது? இரண்டும் எழுதாத கணக்கு. எழுதாததால் யாரும் சரிபார்க்க முடியாது, யாரும் விட்டுக்கொடுக்கவும் முடியாது.

ஆகவே மூத்தவனுக்குச் சம்பளம் போட வேண்டும். அதே வேலையை வெளியாள் ஒருவர் செய்தால் எவ்வளவு கொடுப்போமோ அவ்வளவு, மாதாமாதம், வங்கி வழியாக. கட்டடத்துக்கு அம்மா பெயருக்கு வாடகை. பார்ட்னர்களுக்கு வருட முடிவில் லாபம், அது சிறு தொகையானாலும். அதற்குப் பிறகு நாலாகப் பிரித்தாலும் மூத்தவன் தாங்கிக்கொள்வான். உழைப்புக்கான கூலி தனியாக வந்துவிட்டது. இந்த மூன்று கணக்கையும் ஆடிட்டரே போட்டுத் தரலாமே என்பீர்கள். தொகையை அவர் போடுவார். "என் மகனுக்கு நான் சம்பளம் குடுக்கணுமா?" என்று பெரியவர் கேட்கும்போது அந்தப் பேச்சை முடித்துவைப்பது அவர் வேலையில் வராது.

இன்னொரு கணக்கும் உண்டு, எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறாதது. கடை இறுக்கத்தில் இருந்தபோது எந்த மருமகளின் நகை அடகுக்குப் போனது, அது திரும்பி வந்ததா? நம்மூர்ச் சிறு தொழில்களின் முதலீட்டில் இது கணிசமான பங்கு. மருமகள்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசாத ஆலோசகர் இதைக் கேள்விப்படவே மாட்டார்.

இந்தத் துறைக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் லியோன் டான்கோ 1962-இல் குடும்பத் தொழிலுக்கென்று ஒரு மையம் தொடங்கினார். ஆலோசகர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து 1986-இல் ஃபேமிலி ஃபர்ம் இன்ஸ்டிட்யூட்டை அமைத்தார்கள். அவர்களுடைய ஆய்விதழ் 1988-இல் வந்தது. அதுவரை நிர்வாகக் கல்லூரிகள் பெரிய கம்பெனிகளைப் பற்றியே பாடம் நடத்தின. குடும்பத் தொழில் என்பது கம்பெனியாக வளராத குழந்தை என்பதுபோல ஒரு பார்வை. இந்தியாவில் ஹைதராபாத்தின் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது.

ஆய்வு என்றதும் ஒரு எண் ஞாபகம் வருகிறது. எந்தத் தொழில் சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் மேடையில் ஒருவர் சொல்வார்: குடும்பத் தொழில்களில் 30 சதவீதம்தான் இரண்டாம் தலைமுறை பார்க்கிறது, 13 சதவீதம் மூன்றாம் தலைமுறை, அதற்கு மேல் 3 சதவீதம். சபை கலங்கிப்போகும், பேச்சாளரின் விசிட்டிங் கார்டு தீர்ந்துபோகும். அந்த எண்ணின் ஊற்று ஜான் வார்டு 1987-இல் வெளியிட்ட புத்தகம். அவர் பார்த்தது இலினாய் மாநிலத்தின் 200 உற்பத்தித் தொழில்கள். காலம் 1924 முதல் 1984 வரை. நடுவில் பெருமந்தம் வந்தது, உலகப் போர் வந்தது. நல்ல விலைக்கு விற்றுவிட்டு நிம்மதியாக இருந்த குடும்பமும் அந்தக் கணக்கில் பிழைக்காததுதான். குடும்பம் அல்லாத கம்பெனிகள் அதே அறுபது வருடத்தில் எத்தனை மிஞ்சின என்ற ஒப்பீடும் அதில் இல்லை. வார்டு மேல் குறை சொல்ல எதுவுமில்லை, தான் எதைப் பார்த்தாரோ அதைச் சொன்னார். ஒரு மாநிலத்தின் ஒரு துறையைப் பற்றிய கணக்கை உலகத்துக்கே ஜாதகமாக்கியது பின்னால் வந்தவர்கள். உங்களைத் தேடி வரும் ஆலோசகர் இந்த எண்ணில் பேச்சைத் தொடங்கினால், "எந்த ஊர்க் கணக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலை வைத்து ஆளை எடைபோடலாம்.

எனக்குப் பிடித்த ஆய்வு டென்மார்க்கில் நடந்தது. பிள்ளைக்கு நாற்காலி கொடுத்தால் கம்பெனி கெடுகிறதா என்பது கேள்வி. நேராக ஒப்பிட்டால் தப்பாகிவிடும்; கம்பெனி நன்றாக ஓடும்போதுதான் பிள்ளையை உட்காரவைக்கிறார்களோ என்னவோ. மோர்டன் பென்னட்சனும் மூன்று கூட்டாளிகளும் 2007-இல் ஒரு தந்திரம் செய்தார்கள். முதல் குழந்தை ஆணா பெண்ணா என்பது கம்பெனியின் லாபத்தைப் பார்த்து நடப்பதில்லை. ஆனால் முதல் குழந்தை ஆண் என்றால் நாற்காலி குடும்பத்துக்குள்ளேயே போகும் வாய்ப்பு கூடுகிறது. டென்மார்க்கிலும்தான், நாம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அந்தக் குலுக்கலைப் பிடித்துக்கொண்டு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தலைமை மாற்றங்களை அலசினார்கள். நாற்காலி குடும்பத்துக்குள் போன இடங்களில், சொத்துக்கு வரும் இயக்க லாபம் குறைந்தது 4 சதவீதப் புள்ளி விழுந்திருந்தது.

இது சராசரி, உங்கள் மகனைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதில் கவனிக்க வேண்டியது, விழுந்தது நாற்காலி விஷயத்தில். உடைமையைக் குடும்பம் விட்டுவிட வேண்டும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. டாபர் கம்பெனியின் பர்மன் குடும்பம் 1998-இல் அன்றாட நிர்வாகத்தை வெளியாட்களிடம் கொடுத்துவிட்டு உடைமையை வைத்துக்கொண்டது. ஜப்பானியர் வேறு வழி வைத்திருக்கிறார்கள்: திறமையான ஆளை மாப்பிள்ளையாக்கி, சட்டப்படி தத்தும் எடுத்து, குடும்பப் பெயரையும் கொடுத்துவிடுவார்கள். மாருதியோடு சேர்ந்து நாம் அறிந்த ஒசாமு சுசுகி அப்படி வந்தவர்தான். பிறந்தபோது அவர் குடும்பப் பெயர் மட்சுடா. நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் சிரிப்பார்கள். அங்கே அவர் 1978-இலிருந்து பல பத்தாண்டுகள் கம்பெனியை நடத்தினார்.

அப்படியென்றால் குடும்பங்கள் ஏன் லாபத்தை விட்டுக்கொடுத்தும் பிடியை விடுவதில்லை? இதற்குத் தென் ஸ்பெயினின் ஆலிவ் எண்ணெய் ஆலைகள் ஒரு பதில் தருகின்றன. நம் மண்டிக்குத் தூரத்து உறவு. லூயிஸ் கோமெஸ்-மெஹியாவும் கூட்டாளிகளும் 1,237 குடும்ப ஆலைகளை ஐம்பது வருடத்துக்கும் மேலான காலத்துக்குப் பின்தொடர்ந்தார்கள். கூட்டுறவில் சேர்ந்தால் நிச்சயமான வருமானம், வரிச்சலுகை, ஆபத்தும் குறைவு. ஆனால் ஆலை 'நம்முடையது' என்பது போய்விடும். பெரும்பாலான குடும்பங்கள் சேர மறுத்தன, மூடும் ஆபத்து கூடும் என்று தெரிந்தும். பெயர், மரியாதை, பிள்ளைக்கு ஓர் இடம், ஊரில் நாலு பேருக்கு வேலை கொடுக்கும் தகுதி, இவை அவர்களுக்குச் சொத்து. பணத்தை இழந்தும் காக்க வேண்டிய சொத்து. பெரியவர் மெஷினை மறுத்ததற்குக் காரணம் அதன் விலையாக இல்லாமல், அது வந்தால் எண்ணெய் முகர்ந்து பார்த்துத் தரம் சொல்லும் தன் மூக்குக்கு வேலை இல்லாமல் போகும் என்பதாகவும் இருக்கலாம். அதைச் சீர்தூக்கத் தெரியாத ஆலோசகர் எத்தனை பக்க ரிப்போர்ட் கொடுத்தாலும் பெரியவர் அதை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்.

சரி, இந்த ஆலோசகர்கள் எப்படி வேலை செய்கிறார்கள்? முதலில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்திப்பார்கள். தொழிலில் இல்லாதவர்களையும், கட்டிக்கொடுத்த மகளையும், வந்த மருமகளையும் சேர்த்து. கேட்டதை யார் சொன்னது என்று சொல்லாமல் பொதுவில் வைப்பார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு கூட்டம். அதை வீட்டில் வைக்க மாட்டார்கள், கடையிலும் வைக்க மாட்டார்கள். வீட்டில் பெரியவரின் நாற்காலி இருக்கிறது, கடையில் ஆட்கள் காது இருக்கிறது. அந்தக் கூட்டங்களில்தான் விதிகள் உருவாகும். குடும்பப் பிள்ளை கடைக்கு வருமுன் வெளியில் சில வருடம் வேலை பார்க்க வேண்டுமா, மருமகன்கள் வரலாமா, லாபத்தில் எவ்வளவு வெளியே எடுக்கலாம்.

எல்லாவற்றிலும் கடினமானது, விலக நினைப்பவருக்கு என்ன விலை என்பது. தம்பி மனைவி தன் பாகத்தை விற்க நினைத்தால் யாரிடம் விற்கலாம்? மதிப்பு போடுவது யார்? பெயருக்கும் வாடிக்கைக்கும் தொகை உண்டா, சரக்குக்கும் பாக்கிக்கும் மட்டுமா? மொத்தமாகவா, ஐந்து வருடத் தவணையா, வட்டி உண்டா? யாருமே விலக நினைக்காத நாளில் இதை எழுதினால் அரைமணி நேரத்தில் முடியும். ஒருவர் விலகுவதாகச் சொன்ன மறுநாள் தொடங்கினால் எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது. அன்று ஒவ்வொரு எண்ணும் ஒருவரின் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போகிறது.

சகோதரர்கள் காலத்தில் இது சமாளிக்கக்கூடியது, ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். பிள்ளைகள் காலம் வரும்போது பெரியப்பா மக்கள், சித்தப்பா மக்கள் ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு வருமானம். டிவிஎஸ் குழுமத்தைப் பாருங்கள். டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் வளர்த்த தொழில், பின்னால் அவருடைய மகன்கள் வழியில் நான்கு கிளைகளாக நடந்தது. ஒவ்வொரு கிளையும் தன் கம்பெனிகளை நடத்தும், பங்குகள் மட்டும் மேலே பொதுவான கம்பெனிகளில் பின்னிக் கிடக்கும். 2020 கடைசியில் குடும்ப ஏற்பாடு ஒன்று செய்து, நடத்துகிறவரிடமே உடைமையும் போய்ச் சேரும்படி பிரித்தார்கள். கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு 2022 தொடக்கத்தில் அது நடப்புக்கு வந்தது. தெருவில் சத்தமே கேட்கவில்லை.

காகிதம் எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஆலோசகரிடம் போவதே 'குடும்ப சாசனம்' என்ற தோல் அட்டைப் புத்தகத்துக்காக. எனக்கு அந்தப் புத்தகங்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. பேசிப் பேசி எழுதியிருந்தால் எழுதுவதற்கு முன்பே அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும். வேறொரு குடும்பத்தின் சாசனத்தில் பெயர் மாற்றி அச்சடித்தது என்றால் ஷோகேஸுக்கு ஆகும். சட்டத்தின் முன் அதன் எடை என்ன என்பதும் பலருக்குத் தெரியாது. திருபாய் அம்பானி 2002-இல் உயில் இல்லாமல் காலமானார். மகன்களுக்குள் தகராறு, 2005-இல் தாயார் முன்னிலையில் சமரசம், குடும்ப ஒப்பந்தம். அதில் வந்த எரிவாயு விலை விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 மே மாதம் நீதிமன்றம் சொன்னது: தாயும் இரண்டு மகன்களும் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம், லட்சக்கணக்கான பங்குதாரர்கள் உள்ள கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. குடும்பக் கூடத்தில் முடிந்தது போர்டு ரூமுக்குள் வரவில்லை என்றால் அது வீட்டோடு நின்றுவிடும். ஆகவே சாசனத்தில் எழுதியதைக் கம்பெனியின் விதிகளிலும், பங்குதாரர் ஒப்பந்தத்திலும், நம் மண்டிக்கு என்றால் பார்ட்னர்ஷிப் பத்திரத்திலும் ஏற்ற வேண்டும். இது வக்கீல் வேலை. ஆலோசகர் செய்யத் தொடங்கினால் தடுத்துவிடுங்கள்.

குடும்ப ஏற்பாட்டை நம் நீதிமன்றங்கள் மதிக்காமலும் இல்லை. 1976-இல் காலே வழக்கில் உச்ச நீதிமன்றம், குடும்ப அமைதிக்காக நேர்மையாகச் செய்த ஏற்பாடு வாய்மொழியாக இருந்தாலும் செல்லும் என்றது. ஏற்கெனவே முடிந்ததை நினைவுக்கு எழுதிவைத்தால் பதிவு தேவையில்லை. அசையாச் சொத்தில் அந்தக் காகிதமே உரிமையை உண்டாக்குகிறது என்றால் பதிவு செய்தாக வேண்டும். இந்த மயிரிழையில் எத்தனையோ குடும்பங்கள் தடுக்கி விழுந்திருக்கின்றன.

மகள்கள் விஷயத்தில் சட்டம் குடும்பங்களைவிட வேகமாக ஓடியது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பிறப்புரிமை என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டது, அன்றைக்குக் கல்யாணமாகாத மகள்களுக்கு. 2005-இல் நாடு முழுக்க வந்தது. இருந்தும் 'கட்டிக்கொடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு' என்ற கணக்கு ஓய்வதில்லை. பெரிய இடங்களிலும் இந்தச் சிக்கல் வரும். முருகப்பா குழுமத்தின் முன்னாள் தலைவர் எம்.வி. முருகப்பன் 2017-இல் காலமானார். அவர் வழியில் வாரிசுகள் மனைவியும் இரண்டு மகள்களும். குழுமத்தின் உடைமைக் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் சுமார் 8 சதவீதம் அவர்கள் கையில். மூத்த மகள் போர்டில் இடம் கேட்டார். 2020 ஆண்டுக் கூட்டத்தில் பெரும்பான்மைப் பங்குகள் எதிராக வாக்களித்தன. 2023 ஆகஸ்டில் சமரசம் ஆனது. ஏழு கட்டங்களில் இது எந்தக் கட்டம் என்று இப்போது உங்களுக்கே தெரியும்: குடும்பம் உண்டு, உடைமை உண்டு, முடிவெடுக்கும் மேசையில் நாற்காலி இல்லை. நம் மண்டியில் தம்பி மனைவி நிற்கும் அதே இடம்.

கடைசியாக, ஆளை அமர்த்துவதற்கு முன் கேட்க வேண்டியவை. அவர் வேறு எதையாவது விற்கிறாரா? இன்சூரன்ஸோ முதலீட்டுத் திட்டமோ விற்பவர் என்றால் அவருடைய ஆலோசனை அங்கே போய்த்தான் முடியும். தனியாகக் கேட்டதை எப்படிப் பாதுகாப்பார்? பெரியவர் "இதை மட்டும் பேசாதீங்க" என்று சொன்னால் என்ன செய்வார்? எல்லாவற்றிலும் முக்கியமாக, அவருடைய வாடிக்கையாளர் யார்? கூப்பிட்டவர் பெரியவர், செக் எழுதுபவர் பெரியவர். அதனால் பெரியவர் பக்கத்து ஆள் என்று மற்றவர்கள் முதல் நாளே முடிவுகட்டிவிடுவார்கள். அப்படி ஆகிவிட்டால் அவர் எத்தனை வட்டம் போட்டாலும் பயனில்லை. நான் சொல்வது, கட்டணத்தை மண்டியின் கணக்கிலிருந்தே கொடுங்கள், ஆடிட்டரிடம் கேட்டு முறையாக. அப்போது அதில் தம்பி மனைவியின் பாகப் பணமும் இருக்கும். அவர் வீட்டுக்கும் ஆலோசகர் போய் உட்கார்ந்து ஒரு காபி குடித்தாக வேண்டும்.